ஆம்புலன்ஸ் வேலை உங்களுக்குச் சரிப்படுமா? படிப்பில் சேரும் முன் தொட்டுப் பார்க்க ஆறு வழிகள்

பள்ளியின் கடைசி ஆண்டுகளிலோ கல்லூரி வாசலிலோ நிற்கும் ஒருவருக்கு அவசர மருத்துவப் பணியில் ஆசை வந்தால், அதைத் தொட்டுப் பார்க்க ஆறு வழிகள் உண்டு: முதலுதவி வகுப்பு, இளையோர் தொண்டர் அணி, ஆம்புலன்ஸில் பார்வையாளராக ஒரு ஷிப்ட், மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தொண்டு, அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறை, கடைசியாக அடிப்படை இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) படிப்பு. பலர் நேராகக் கடைசிக் கதவைத்தான் தட்டுகிறார்கள். பணத்தையும் மாதங்களையும் கொட்டிய பிறகு, முதல் இரவு ஷிப்டில்தான் இது தனக்கான வேலை இல்லை என்று அவர்களுக்குத் தெரியவருகிறது. இன்னும் சிலர் திரையில் பார்த்த விபத்துக் காட்சியை நினைத்துப் பயந்து, தங்களுக்கு மிகவும் பொருந்தியிருக்கக்கூடிய வேலையிலிருந்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

முதலுதவியை உடனே தொடங்குங்கள், ஒரு முழு ஷிப்டாவது ஆம்புலன்ஸில் இருந்து பாருங்கள், படிப்புக்குப் பணம் கட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. இடையில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் சந்தேகம் எதைப் பற்றியது என்பதைப் பொறுத்தது.

எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகளில் கோர விபத்துகள் சிறு பகுதிதான். குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாத முதியவர், மூச்சு வாங்கும் ஆஸ்துமா நோயாளி, நெஞ்சுவலிக்காரர், சர்க்கரை இறங்கி உளறும் நீரிழிவு நோயாளி, வலிப்பு வந்து ஓய்ந்து கிடப்பவர், மனம் உடைந்து பேச மறுக்கும் இளைஞர் என்று இவர்களோடுதான் ஷிப்டின் பெரும்பகுதி கழியும். ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுமே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு ஆறுதல்: பலருக்கு அது சில வாரங்களில் பழகிவிடும்.

பழகாமல் ஆட்களை வேலையை விட்டே அனுப்புபவை வேறு. முதலாவது முதுகு. குறுகலான படிக்கட்டில் ஒரு ஆளை இரண்டு பேர் தூக்கி இறக்கும் வேலை இது. முதுகுவலியும் தோள்வலியும் இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம். அடுத்தது உறக்கம். 12 மணி நேர ஷிப்டுகள், அதில் பாதி இரவில். அப்புறம் காத்திருப்பு: மூன்று மணி நேரம் ஒன்றுமே நடக்காது, பிறகு பத்து நிமிடத்தில் எல்லாம் நடக்கும். எழுத்து வேலையையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் நேரம், அளவீடு, கொடுத்த சிகிச்சை என்று முழு அறிக்கை எழுதியாக வேண்டும். ஒரு மணி நேரம் நோயாளியோடு இருந்தால் அரை மணி நேரம் அறிக்கையோடு இருக்கலாம். கடைசியாக, முடிவு தெரியாமல் திரும்புவது. மருத்துவமனையில் ஒப்படைத்த பிறகு அவர் பிழைத்தாரா இல்லையா என்பது பெரும்பாலும் உங்கள் காதுக்கு வராது. இதைத் தாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; அவர்களுக்கு மருத்துவமனைக்குள்ளேயே நல்ல வேலைகள் உள்ளன.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை தருபவரைக் குறிக்கும் ‘பாராமெடிக்’ என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் இல்லை. பிரிட்டனில் அது பட்டப்படிப்பு. அமெரிக்காவில் இஎம்டி நிலைக்கு ஏறத்தாழ 150 முதல் 190 மணி நேரப் பயிற்சி, அதற்கு மேலே பாராமெடிக் ஆக ஆயிரம் மணி நேரத்துக்கும் அதிகம். ஜெர்மனியில் 2014 முதல் ‘நோட்ஃபால்சானிட்டேட்டர்’ என்ற மூன்றாண்டுப் பயிற்சி நடப்பில் உள்ளது. அங்கேயும் பிரான்ஸிலும் கடுமையான அழைப்புகளுக்கு மருத்துவரே வண்டியில் வருவார். ஆகவே, நீங்கள் வேலை செய்ய நினைக்கும் இடத்தில் ஏணியில் எத்தனை படிகள், ஒவ்வொரு படியிலும் எதைச் செய்ய அனுமதி என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே மற்றதை யோசியுங்கள். மருந்து கொடுக்கவும் ஊசி போடவும் ஆசைப்படுகிறவர், அந்த அனுமதியே இல்லாத படிப்பில் சேர்ந்து ஏமாந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

முதலுதவி வகுப்பு

நேரமும் செலவும் இதில்தான் மிகக் குறைவு. ஓரிரு நாளில் முடியும், வயதுத் தடையும் பெரும்பாலும் கிடையாது. அதனாலேயே இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். சரியாக நடத்தினால் உங்களைப் பற்றி நிறையச் சொல்லும் வகுப்பு இது.

இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி, மூச்சு ஊதும் சிபிஆரையே எடுத்துக்கொள்வோம். பயிற்சி பொம்மையின் பக்கத்தில் மண்டியிட்டு, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை மேலே கோத்து, முழங்கை மடங்காமல், தோள்கள் கைகளுக்கு நேர் மேலே வரும்படி குனிந்து அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. முதல் அரை நிமிடம் எல்லோரும் நன்றாகச் செய்வார்கள். அதற்குப் பிறகு முழங்கை மடங்கும், ஆழம் குறையும், பதற்றத்தில் வேகம் மட்டும் ஏறும். இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது: களைத்தவர் தன் உடல் எடையை மார்பின் மீதே சாய்த்துவிடுவார். மார்பு முழுதாக மேலே எழவில்லை என்றால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. நிரம்பாத இதயத்தை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. ‘எனக்குக் களைப்பே இல்லை’ என்று அவர் சொல்லும்போதே ஆழம் போயிருக்கும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்வது இதனால்தான்.

எனவே வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு பொம்மை? மூன்று பேருக்கு மேல் என்றால் உங்கள் கைக்கு வேலை குறைவு. ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் விளக்கோ திரையோ பொம்மையில் உண்டா? இல்லாவிட்டால் தவறு தெரியாமலே பழகிவிடும். பயிற்சிக்கான ஏஇடி கருவியை (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் தானியங்கிக் கருவி) திறந்து, பட்டையை ஒட்டிப் பார்க்க விடுவார்களா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் சேரலாம். முழுக்க இணையத்திலேயே முடிந்து சான்றிதழ் தரும் வகுப்புகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 5 சென்டிமீட்டர் எவ்வளவு கடினம் என்பது கைக்கும் தோளுக்கும்தான் தெரியும். நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் ‘ரெசஸி ஆன்’ பொம்மையைக் கொண்டுவந்ததே, சாதாரண மனிதரும் தரையில் மண்டியிட்டு இதைப் பழக வேண்டும் என்பதற்காகத்தான்.

பாவனைப் பயிற்சியில் நீங்கள் உறைந்து நிற்கிறீர்களா, பேச்சு வருகிறதா, கை வேலையில் ஈடுபாடு இருக்கிறதா என்பதை இந்த வகுப்பு காட்டிவிடும். இரவு, எடை, வாந்தியின் நாற்றம், அழும் உறவினர் எதையும் இது காட்டாது. வகுப்பில் முதல் ஆளாக வந்ததை வைத்துத் தொழிலை முடிவு செய்துவிட வேண்டாம்.

இளையோர் தொண்டர் அணி

இளையோரை அவசர உதவிக்குப் பழக்கும் அணிகள் பழையவை. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸின் இளையோர் பிரிவு 1922இல் தொடங்கியது. செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பல நாடுகளில் இளையோர் கிளைகள் உள்ளன. அமெரிக்காவின் ‘எக்ஸ்ப்ளோரிங்’ திட்டத்தில் 14 முதல் 20 வயது வரையிலானவர்கள் ஆம்புலன்ஸ், தீயணைப்புச் சேவைகளோடு இணைந்து பழகுகிறார்கள். பெயர் மாறினாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: வாரம் ஓரிரு மணி நேரப் பயிற்சி, அதோடு விளையாட்டுப் போட்டி, திருவிழா போன்ற கூட்டங்களில் மூத்தவர்களுடன் முதலுதவிக் கூடாரத்தில் டூட்டி.

18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வோம். காரணம், காலம். ஓர் ஆண்டு தொடர்ந்து வந்தால் மயக்கம், வெயில் சோர்வு, சுளுக்கு, ஆஸ்துமா, குளவிக் கொட்டு என்று சின்னச் சின்னதாக நூறு பேரையாவது பார்ப்பீர்கள். ஒருவரின் அருகே உட்கார்ந்து பெயர் கேட்டு, ‘என்ன செய்கிறது?’ என்று தொடங்கும் பேச்சு நாக்கில் பழகிவிடும். பையில் எது எங்கே என்று பார்க்காமலே கை போகும். பிறகு படிக்கும் எந்தப் படிப்பிலும் இது உங்களோடு வரும்.

தவறு நேர்வது இரண்டு இடத்தில். சில அணிகள் அணிவகுப்பு, சீருடை, பதக்கம் என்பதோடு நின்றுவிடும். சேரும் முன், ‘போன ஆண்டு உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் டூட்டியில் இருந்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்?’ என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் வராவிட்டால் வேறு அணியைத் தேடுங்கள். இரண்டாவது, ஆறு மாதம் ஆன பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வருவது. கையெழுத்துப் போட்டுத் தேர்ச்சி தந்த வேலையை மட்டும் செய்வது, மற்றதற்கு மூத்தவரைக் கூப்பிடுவது என்ற ஒழுங்கு இங்கேயே ஊற வேண்டும். பிற்காலத்தில் ஒரு நல்ல பாராமெடிக்கை அடையாளம் காட்டுவது இந்த ஒழுங்குதான்.

ஆம்புலன்ஸில் ஒரு ஷிப்ட்

பார்வையாளராக வண்டியில் ஏறிப் பார்க்கும் வழி. பல சேவைகள் 18 வயதானவரை மட்டுமே ஏற்றும்; சில சேவைகள் பெற்றோர் கையெழுத்தோடு 16 வயதிலும் அனுமதிக்கும். சில சேவைகள் யாரையும் ஏற்றாது. அப்படி மறுத்தால் அவர்களிடம் படிக்கும் மாணவர் வழியாகவோ பயிற்சி நிலையம் வழியாகவோ கேட்டுப் பாருங்கள். ரகசியக் காப்பு உறுதிமொழி, விபத்துப் பொறுப்புப் படிவம், தடுப்பூசிச் சான்று ஆகியவை கேட்பார்கள். மூடிய, வழுக்காத காலணி கட்டாயம்.

பாதி ஷிப்ட் வேண்டாம். மதியம் வந்து நான்கு மணி நேரம் இருந்துவிட்டுப் போனால், வேலையின் தொடக்கமும் முடிவும் உங்களுக்குத் தெரியாமலே போகும். முதல் கையெழுத்திலிருந்து கடைசிக் கழுவல் வரை ஒரு முழு ஷிப்ட் இருங்கள். இரண்டு கிடைத்தால் ஒன்று பகல், ஒன்று இரவு.

தொடக்கத்தில் நடக்கும் வண்டிச் சோதனையைக் கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் அதில்தான் தொழிலின் மனநிலை தெரியும். கையில் எடுத்துப்போகும் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து அழுத்தமானியைப் பார்ப்பார்கள். 400 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர் முழுதாக இருந்தால், மூச்சுத் திணறுபவருக்கு மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுக்கும்போது 26 நிமிடம்தான் வரும். முள் பாதியில் நின்றால் 13 நிமிடம். மாடியிலிருந்து இறக்கி வண்டிக்குக் கொண்டுவரவே 15 நிமிடம் ஆகும் வீடு இருக்கிறது. கணக்குப் போடாமல் ஏறியவர் நடுப்படியில் தவிப்பார். அடுத்து சக்‌ஷன் கருவியை (தொண்டையை அடைக்கும் சளியையும் வாந்தியையும் உறிஞ்சி எடுப்பது) இயக்கி, குழாய் நுனியை விரலால் அடைத்து இழுவை வருகிறதா என்று பார்ப்பார்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரின் சுயசோதனை, மார்பில் ஒட்டும் பட்டைகளின் காலாவதித் தேதி, குளுக்கோமீட்டர் பட்டைகள், ஸ்ட்ரெச்சரின் பூட்டு, குழந்தைகளுக்கான சிறிய மாஸ்க் என்று பட்டியல் நீளும். நேற்றுப் பார்த்ததுதானே என்று யாராவது தாண்டிப் போனால், அந்தக் குழுவிடம் கற்பதற்கு அதிகம் இல்லை.

அழைப்பில் உங்கள் இடம் சுவரோரம். ஸ்ட்ரெச்சருக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உள்ளே நுழைந்ததும் கதவு திறக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் போய் நில்லுங்கள். நோயாளியோ குடும்பத்தாரோ ‘இவர் வேண்டாம்’ என்றால் மறுபேச்சில்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். போனை எடுக்கவே கூடாது. முகம் தெரியாத படம்கூடக் கூடாது. கேள்விகளை உறவினர் முன்னால் கேட்காமல், வண்டி காலியான பிறகு கேளுங்கள். வண்டியின் பின்புறம் பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து போனால் பலருக்குக் குமட்டும். வெறும் வயிற்றிலும் ஏற வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். பெல்ட் போடாமல் இருக்கவே கூடாது.

மருத்துவமனையில் ஒப்படைக்கும் ஒரு நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். வயது, எத்தனை மணிக்கு நடந்தது, எப்படி நடந்தது, என்ன காயம் அல்லது என்ன தொந்தரவு, அளவீடுகள், செய்த சிகிச்சை என்ற வரிசையில் பாராமெடிக் சொல்லி முடிப்பார். ஒரு மணி நேர வேலை அறுபது விநாடியில் அடங்கும். ‘ஆஹா, இதை நான் செய்ய வேண்டும்’ என்று அங்கே தோன்றுகிறதா, ‘அப்புறம் இவருக்கு என்ன ஆகும்?’ என்று மனம் உள்ளேயே நின்றுவிடுகிறதா? முதலாவது என்றால் ஆம்புலன்ஸ். இரண்டாவது என்றால் செவிலியர் படிப்பையும் மருத்துவத்தையும் யோசிக்கத் தொடங்குங்கள்.

அழைப்பே இல்லாத ஷிப்ட் கிடைத்தால் வீண் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காத்திருப்பை உங்களால் தாங்க முடிகிறதா என்பது சோதனையின் ஒரு பகுதி. அதோடு, அனுபவசாலி இருவர் வேறு வேலையில்லாமல் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். குழந்தை இறந்த அழைப்புக்குப் பிறகு என்ன செய்வீர்கள், உறக்கம் எப்படி, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க இதைவிட நல்ல நேரம் வராது.

தொண்டர் அணியோடு ஒப்பிட்டால், அணி நீளமானது, ஷிப்ட் ஆழமானது. ஓர் ஆண்டு கைவசம் இருப்பவருக்கு அணி; அடுத்த மாதம் படிப்புக்குப் பணம் கட்டப் போகிறவருக்கு ஷிப்ட்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தொண்டு

வாரம் மூன்று நான்கு மணி நேரம், சில மாதங்களுக்கு என்று பேசிக்கொண்டு சேர்ப்பார்கள். சக்கர நாற்காலி தள்ளுவது, போர்வை கொடுப்பது, அலமாரி நிரப்புவது, உறவினரை வழிகாட்டி அழைத்துப் போவது, இவைதான் வேலை. சிகிச்சையில் கை வைக்க விடமாட்டார்கள். ‘சும்மா தள்ளுவண்டி வேலைதானே’ என்று இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுபவர்கள், காணக் கிடைத்த நல்ல காட்சியை இழக்கிறார்கள்.

இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது டிரையாஜ், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று அவசரத்தின்படி வரிசைப்படுத்துவது. மான்செஸ்டர் முறையானாலும் ஆஸ்திரேலிய முறையானாலும் வருபவர்களை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கை உடைந்து கத்துபவர் காத்திருக்க, அமைதியாக வியர்த்து உட்கார்ந்திருப்பவர் உடனே உள்ளே போவார். ஏன் என்று அந்தச் செவிலியரிடம் ஓய்வு நேரத்தில் கேளுங்கள். மூன்று மாதத்தில் வாசலில் நுழைபவரின் நிறத்தையும் மூச்சையும் பார்த்தே உங்களுக்குச் சிலது பிடிபடும்.

ஆம்புலன்ஸா மருத்துவமனையா என்று ஊசலாடுகிறவருக்கு இதுவே சிறந்த வழி. ஒரே அறையில் செவிலியர், மருத்துவர், எக்ஸ்ரே நுட்பநர், சுவாச சிகிச்சையாளர், பதிவு எழுத்தர் எல்லோரையும் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் மருத்துவர் இல்லாமல், மங்கலான விளக்கில், தரையில் மண்டியிட்டு முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பது இங்கே தெரியாது.

கட்டுப்பாட்டு அறை

அவசர மருத்துவம் தொலைபேசியில் தொடங்குகிறது. இருந்தும், தொழில் தேடும் இளையோரில் பத்தில் ஒருவர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பெரிய இழப்பு இது. எடை தூக்க முடியாத உடல்நிலை உள்ளவர்கள், ஆனால் நெருக்கடியில் மனம் தெளிவாக ஓடுபவர்கள் இங்கே மிகச் சிறப்பாக வேலை செய்கிறார்கள்.

இரண்டு மணி நேரம் கூடுதல் ஹெட்செட்டில் கேட்க விட்டாலே போதும். முதலில் முகவரி, பிறகு திரும்ப அழைக்கும் எண், பிறகுதான் என்ன நடந்தது என்பது. தொடர்பு அறுந்தாலும் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பதால் இந்த வரிசை. அடுத்து இரண்டு கேள்விகள்: விழிப்பாக இருக்கிறாரா? மூச்சு சாதாரணமாக இருக்கிறதா? ‘மூச்சு விடுகிறார், ஏதோ குறட்டை மாதிரி, விட்டு விட்டு வருகிறது’ என்று அழைப்பவர் சொல்லும் இடத்தில் கவனியுங்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வரும் விக்கல் போன்ற அந்தத் திணறல் உண்மையான மூச்சு அல்ல. அதை மூச்சு என்று எடுத்துக்கொண்டால் நேரம் போய்விடும். இதைப் புரிந்துகொண்ட, அழைப்பை எடுத்த பணியாளர் குரலை உயர்த்தாமல், ‘அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், மார்பின் நடுவில் கையை வையுங்கள், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்று வண்டி வரும்வரை எண்ணிக்கொண்டே இருப்பார்.

இந்த வேலை பிடிக்குமா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். வேகமாகப் பேசும் ஒருவரின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, நிறுத்தாமல் தட்டச்சு செய்யுங்கள். ஊர், தெரு, எண் மூன்றும் தவறாமல் வருகிறதா என்று பாருங்கள். இங்கே எதையும் கண்ணால் பார்க்க முடியாது, முடிவும் தெரியாது. அது சிலருக்கு நிம்மதி, சிலருக்குப் பாரம்.

அடிப்படை இஎம்டி படிப்பு

இது ஒரே நேரத்தில் சோதனையும் தகுதியும். முடித்தால் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது இதன் பலம். பிடிக்காவிட்டால் திரும்பி வருவதற்கு ஆகும் செலவு இதில்தான் அதிகம் என்பது பலவீனம்.

பள்ளி மதிப்பெண் குறைவு என்பதால் தயங்குபவர்கள் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967இல் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபோது, அந்நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியைச் சேர்ந்த வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைத்தான் சேர்த்தார்கள். பள்ளியை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். சிபிஆரை உருவாக்கியவர்களில் ஒருவரான மருத்துவர் பீட்டர் சாஃபர் அவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சியை வகுத்துக் கொடுத்தார். 1975இல் அந்தச் சேவை மூடப்பட்டது. ஆனால் நவீன பாராமெடிக் பயிற்சிக்கு அவர்கள்தான் முன்னோடிகளில் முக்கியமானவர்கள். நன்றாகக் கற்பித்தால், கற்க ஆசையுள்ளவர் இதைக் கற்றுவிட முடியும்.

அதனால் கேள்வி கற்பிப்பவரைப் பற்றியது. இந்தச் சான்றிதழை நீங்கள் வேலை தேடும் சேவை ஏற்கிறதா என்று அந்தச் சேவையிடமே கேளுங்கள், பயிற்சி நிலையத்திடம் கேட்காதீர்கள். ஓடும் ஆம்புலன்ஸில் எத்தனை மணி நேரம், மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி அறையைப் போய்ப் பாருங்கள்: ஸ்ட்ரெச்சரின் கைப்பிடி தேய்ந்திருந்தால் நல்ல அறிகுறி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத கருவிகள் இருந்தால் யாரும் தொடவில்லை என்று பொருள்.

மாணவர்கள் செய்முறைத் தேர்வில் விழுவது அறிவுக் குறைவால் அல்ல, வரிசை தவறுவதால். இடம் பாதுகாப்பானதா, பெருரத்தப் போக்கு உண்டா, மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடையை விலக்கி முழு உடல் என்று போக வேண்டும். எலும்பு முறிந்து வளைந்திருக்கும் காலைப் பார்த்ததும் எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, உளறும் நோயாளிக்குச் சர்க்கரை பார்க்க மறப்பது. போதை என்றோ பக்கவாதம் என்றோ முடிவுகட்டிய ஒருவரின் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்திருக்கும். ஒரு துளி ரத்தமும் சில விநாடியும் போதும் அதைக் கண்டுபிடிக்க. நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. மிகக் குறைவு 3, சுழி இல்லை. இதை வகுப்புக்குப் போகும் முன்பே வாய்ப்பாடாகப் பழகிக்கொண்டால் முதல் மாதம் லேசாகும்.

நீச்சல்குளக் காவலர் பயிற்சியும், 70 முதல் 80 மணி நேரம் பிடிக்கும் காட்டுப்புற முதலுதவிப் பயிற்சியும் பக்கவாட்டு வழிகள். உடலுழைப்பும் வெளிப்புறமும் பிடித்தவர்களுக்கு நல்லவை. ஆனால் ஆம்புலன்ஸ் வேலைக்கு மாற்றுச் சோதனையாக இவற்றைக் கொள்ள முடியாது.

யாருக்கு எது

14, 15 வயது என்றால் முதலுதவி வகுப்பு, அதன் பின் தொண்டர் அணி. வேறெதுவும் இப்போது வேண்டாம். 16, 17 என்றால் அணியில் இருந்துகொண்டே மருத்துவமனைத் தொண்டு. 18க்கு மேல், கையில் ஒரு மாதம்தான் என்றால் முதலுதவியும் ஒரு இரவு ஷிப்டும். ‘என் உடம்பு தாங்குமா?’ என்பதுதான் சந்தேகம் என்றால் வண்டியில் ஏறிப் பார்த்தே ஆக வேண்டும். வகுப்பறை பதில் சொல்லாது. ‘மனம் தாங்குமா?’ என்றால் அணியிலோ மருத்துவமனையிலோ ஆறு மாதம் கொடுங்கள், ஒரு நாள் அனுபவத்தை நம்பாதீர்கள். மருத்துவராக வேண்டும், அதற்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவே போதும்.

வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்திருந்தால், அந்த வேகத்தில் ஆம்புலன்ஸில் ஏற வேண்டாம். ஆசை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் காயம் ஆறவில்லை. அணியில் சேர்ந்து, பொறுப்பாளரிடம் சொல்லிவைத்து, மெதுவாகப் போகலாம். எந்த வழியில் போனாலும் ஒரு காட்சி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் உறக்கத்தைக் கெடுத்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைக் கேட்டு ‘இந்த வேலைக்கு நீ லாயக்கில்லை’ என்று சொல்லும் குழுவில் சேர வேண்டியதில்லை.

ஒவ்வொரு டூட்டிக்குப் பிறகும் வீடு வந்து மூன்று வரி எழுதுங்கள்: எது அலுப்பாக இருந்தது, எப்போது நேரம் போனதே தெரியவில்லை, எதை மறுபடி செய்யச் சொன்னால் தயங்குவேன். பத்து டூட்டிக்குப் பிறகு படித்துப் பார்த்தால், ஆறு வழிகளில் அடுத்து எது என்று அந்த வரிகளே காட்டிவிடும்.

கடைசியாக, எல்லோரும் தாமதமாக நினைவுகூரும் ஒன்று. வண்டியிலும் மருத்துவமனையிலும் ஊசி குத்தும் ஆபத்து இருப்பதால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சிறு வயதிலேயே முழுதாகப் போட்டவர் அட்டையைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். போடாதவருக்கு வழக்கமான அட்டவணை மூன்று ஊசிகள்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. அதற்கும் ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தப் பரிசோதனை. அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகோ (mIU/mL) அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஆக ஏழெட்டு மாதம். படிப்பில் இடம் கிடைத்தும் இந்தத் தாள் இல்லாமல் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போக முடியாமல் நிற்பவர்கள் உண்டு. முதலுதவி வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் அதே வாரம் முதல் ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள்.